பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ': திரும்பி வந்த பயணமும் கம்போடியாவுக்குக் கிளம்பும் தம்பியும்

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் தண்டையார்பேட்டையைச் சேர்ந்த 38 வயதுச் சகோதரி. எம்.சி. ரோட்டில் சின்னதாக ஒரு ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறார். கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அம்மாவுக்கு 64 வயது. அம்மாவின் தாத்தா ஒரு காலத்தில் வியட்நாமின் சைகானில் ஒரு செட்டியாரின் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். அங்குள்ள மாரியம்மன் கோயிலைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு வளர்ந்த அம்மாவுக்கு, "ஒரு தடவையாவது அந்த ஆத்தாளப் பாத்துட்டு வந்துடணும்" என்று ஆசை. சீட்டு எடுத்த பணத்தில் மூன்று பேருக்கும் வியட்நாமுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள்.

போனில் தேடியதும் முதலில் வந்த தளத்தில், விசாவுக்கு ஆளுக்கு 6,800 ரூபாய் வீதம் 20,400 ரூபாய் டெபிட் கார்டில் கட்டினார். பாஸ்போர்ட் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு, விண்ணப்பத்தை அவர்களே நிரப்பினார்கள். "செக் பண்ணிச் சொல்லுங்க மேடம்" என்று நிரப்பிய படிவத்தின் படம் வந்தது. இரவு 11 மணிக்குக் கடைக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த இவர், பதிலுக்குக் கட்டைவிரல் குறி ஒன்றைத் தட்டிவிட்டார். விசாவும் வந்தது. பயண இரவில் மீனம்பாக்கத்தில், அம்மாவின் விசாவில் பாஸ்போர்ட் எண் சரியில்லை என்று செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். எண்ணின் நடுவே பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' இருந்தது. அம்மாவைத் தனியே திருப்பி அனுப்ப மனம் வராமல் மூன்று பேரும் வீடு திரும்பினார்கள். டிக்கெட்டுக்குக் கொடுத்த 61,000 ரூபாயும் போனது.

விமான நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாமா, தளத்திடமிருந்து பணத்தை வாங்க முடியுமா, இது அம்மாவின் பாஸ்போர்ட்டில் கறையாக நிற்குமா என்று கேட்கிறார். கடைசியாக, போகிற போக்கில் நாலு வரி. அந்தத் தளத்தின் ஆள் மூலம் பழக்கமான ஏஜென்ட் ஒருவர், 23 வயதுத் தம்பிக்குக் கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார். சம்பளம் மாதம் 80,000. ஒன்றரை லட்சம் கேட்கிறார். 20,000 ரூபாய் முன்பணமும் தம்பியின் அசல் பாஸ்போர்ட்டும் ஏற்கெனவே அவர் கையில். "டூரிஸ்ட் இ-விசாவுல போயிட்டு அங்கேயே வேலை விசாவா மாத்திக்கலாமாம், சரிதானே மேடம்? பாஸ்போர்ட்ட அவர் திருப்பித் தரலைன்னா தொலஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்து புதுசு வாங்கிக்கிறேன்னு தம்பி சொல்றான்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுக்கவில்லை. கடைசி நாலு வரியிலிருந்துதான் தொடங்குகிறேன். போன பணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். தம்பி இன்னும் போகவில்லை, அதுதான் இப்போது முக்கியம்.

தம்பியை நிறுத்துங்கள்

சரியில்லை, சகோதரி. கம்போடியாவின் சுற்றுலா இ-விசா 30 நாள் தங்குவதற்கு, ஒரே ஒரு முறை உள்ளே நுழைவதற்கு. சுற்றிப் பார்க்கத் தரும் அந்த அனுமதியில் வேலை செய்யக் கூடாது. அங்கே வேலை பார்க்க வேறு வகை விசாவும், அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் வேலை அனுமதியும் வேண்டும். உண்மையிலேயே ஆள் எடுக்கும் கம்பெனி அதற்கான ஏற்பாட்டைச் செய்து, வேலை ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கூப்பிடும். "முதல்ல வா, அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்லாது.

சில வருடங்களாகக் கம்போடியா, மியான்மர், லாவோஸ் என்று இதே பேச்சை நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிவிடுவார்கள். வெளியே போக முடியாத கட்டடம். டேட்டா என்ட்ரி என்று சொன்ன இடத்தில் வரிசையாகக் கம்ப்யூட்டரும் போனும் இருக்கும். போலிப் பெயரில் பேசி, இங்கே இருக்கிற நம் மாதிரி ஆட்களிடமே பணம் பறிப்பதுதான் வேலை. மறுத்தால் அடி, விட்டுவிடச் சொன்னால் டாலரில் பணம் கேட்பார்கள். 2025 மார்ச்சில் மட்டும், மியான்மர் எல்லையில் இப்படி மாட்டிக்கொண்ட 549 இந்தியர்களை இந்திய விமானப்படை விமானங்களில் தாய்லாந்து வழியாகக் கூட்டி வந்தார்கள். அவர்களில் பலர் திருடப் போகிறோம் என்று நினைத்துக் கிளம்பியவர்கள் இல்லை. உங்கள் தம்பியைப் போல, குடும்பத்துக்கு ஒரு கை கொடுக்கலாம் என்று போனவர்கள்தாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஏர்போர்ட்டில் டூர் என்று சொல்லு, வேலை என்று வாயைத் திறக்காதே' என்று அந்த ஏஜென்ட் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாரா, கேட்டுப் பாருங்கள். இந்தத் தொழிலில் இது வழக்கமாகச் சொல்லும் பாடம். பத்தாவது தேறாதவர்கள் வேலைக்குப் போகும்போது குடியேற்றப் பாதுகாவலரின் (வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் கவனிக்கும் மத்திய அரசு அதிகாரி) அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாம் அதில் உண்டு. கம்போடியா இல்லை. சுற்றுலா இ-விசாவோடு கம்போடியாவுக்குப் போகிறவரிடம் வேலை ஒப்பந்தத்தைக் காட்டு என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். இ-விசாவும் வீட்டிலிருந்தபடி சில நாளில் கிடைத்துவிடுகிறது. ஏஜென்ட்டுகளுக்கு இந்த வழி பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான். ஆனால் டூர் என்று பொய் சொல்லிப் போன பையன், நாளைக்கு அங்கே போலீசில் சிக்கும்போது தன்னை ஏமாற்றப்பட்டவன் என்று நிரூபிக்கப் பெரும்பாடு படுவான்.

1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பெயர்ப் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர்களும்கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே, ரசீது கொடுத்து வாங்கலாம். ஒன்றரை லட்சம் என்ற பேச்சு வந்தபோதே உங்கள் ஏஜென்ட் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிட்டது.

பாஸ்போர்ட்டைத் 'தொலைத்துவிட்டேன்' என்று எழுத வேண்டாம்

தம்பியின் இந்த யோசனை கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் செய்தால், இதுவரை தவறே செய்யாத பையன் குற்றவாளி ஆகிவிடுவான். பொய்த் தகவல் கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்குவது பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தொலைந்தது என்று எழுதினால், அந்த ஏஜென்ட்டே அதை எடுத்து நீட்டி உங்களை மிரட்ட வழி கிடைத்துவிடும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து. பாக்கிப் பணத்துக்கு ஈடாக அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமையில்லை. இன்றே தம்பியின் போனிலிருந்து அவருக்கு ஒரு செய்தி போகட்டும்: பயணத்தை ரத்து செய்துவிட்டேன், மூன்று நாளில் என் பாஸ்போர்ட்டையும் 20,000 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். திட்டு, மிரட்டல் எதுவும் வேண்டாம். நீங்கள் பணம் அனுப்பியதும், பாஸ்போர்ட் அவர் கையில் இருப்பதும் அந்தச் செய்தியில் தேதியோடு வர வேண்டும். அவர் எந்தப் பதில் போட்டாலும் அது நமக்குச் சாட்சி.

மூன்று நாளில் தரவில்லை என்றால், தண்டையார்பேட்டை காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகத்தில் இருக்கும் மத்தியக் குற்றப்பிரிவில் வேலை மோசடிகளை விசாரிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கும் கொடுக்கலாம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் இந்த மாதிரி மோசடிக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. புகாரின் ஒரு நகலைச் சென்னையிலுள்ள குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். வெளிநாட்டு வேலை பற்றிச் சந்தேகம் கேட்க வெளியுறவுத் துறையின் கட்டணமில்லா எண் 1800 11 3090. தம்பிக்கு வெளிநாட்டு ஆசை இருப்பதில் தவறே இல்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978-லிருந்து ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அங்கே போய்ப் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

விமான நிறுவனம்

இங்கே உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. "ஒரு எழுத்துதானே, அதுக்காகவா வயசான அம்மாவ நிறுத்துவாங்க?" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வழக்கு நிற்காது என்பது என் கருத்து. நாட்டுக்குள் நுழையத் தேவையான ஆவணங்களைச் சரியாக வைத்திருப்பது பயணியின் பொறுப்பு என்று டிக்கெட் நிபந்தனையிலேயே இருக்கும். தவறான ஆவணத்தோடு ஒருவரைக் கூட்டிப்போய் இறக்கினால், பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் போடும். திருப்பிக் கொண்டுவர வேண்டியதும் அவர்கள் தலையில்தான். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியில் சொல்லும் இழப்பீடு, சீட்டை அதிகமாக விற்றுவிட்டு ஏற்ற மறுப்பவர்களுக்கானது. ஆவணக் குறைக்கு அது பொருந்தாது. உங்கள் அம்மாவை அவர்கள் ஏற்றியிருந்தால், மொழி தெரியாத ஊரின் விமான நிலையத்தில் அந்த அம்மாள் இரவு முழுக்க உட்கார்ந்திருந்து அடுத்த விமானத்தில் திரும்பி வந்திருக்கக்கூடும்.

ஆனாலும் ஒன்று கேளுங்கள். டிக்கெட் அடிப்படைக் கட்டணம் திரும்பக் கிடைக்காத வகையாக இருந்தாலும், பயணம் செய்யாத பயணிக்கு அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய நிறுவனங்களுக்கு டிஜிசிஏ விதி இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் அவர்கள் நாட்டு விதிப்படி நடக்கும். அப்போதும் கேட்பதில் நஷ்டமில்லை. டிக்கெட்டை எடுத்து வரிப் பகுதியைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். மூன்று பேருக்குச் சேர்த்தால் விட்டுவிடக்கூடிய தொகையாக இருக்காது.

தளத்திடமிருந்து பணம்

வியட்நாம் இ-விசாவுக்கு அந்த அரசு வாங்குவது, ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை நுழைய 50 டாலர். உங்களிடம் ஆளுக்கு 6,800 வாங்கியிருக்கிறார்கள். அரசுக் கட்டணம் போக ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடைய கூலி. 'நாங்கள் தனியார், சேவைக் கட்டணம் இவ்வளவு' என்று வெளிப்படையாகச் சொல்லி வாங்கினால் அது குற்றமில்லை. எத்தனையோ பயண முகவர்கள் அப்படி நேர்மையாகத் தொழில் செய்கிறார்கள். வியட்நாம் கொடியும் சின்னமும் போட்டு, அரசுத் தளம் போல நடித்து வாங்கியிருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம். தப்பாக நிரப்பியது சேவைக் குறைபாடு.

உங்கள் வழக்கில் ஒரு பலவீனம் இருக்கிறது. அது அந்தக் கட்டைவிரல் குறி. 'நாங்கள் காட்டினோம், வாடிக்கையாளர் சரி என்றார்' என்பார்கள். அதனால் முழுத் தொகையும், டிக்கெட் நஷ்டமும் அப்படியே கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். அதற்காக விட்டுவிடவும் வேண்டாம். பாஸ்போர்ட்டின் தெளிவான படம் அவர்கள் கையில் இருந்தது. அதைப் பார்த்து எழுதுவதற்குத்தான் கூலி வாங்கினார்கள்.

முதலில் தளத்தின் முகப்பு, கட்டண ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, தவறான விசா எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தளம் நாளைக்கே மறைந்துபோகலாம். அடுத்து வங்கிக்குப் போய், கார்டில் போன தொகையை எதிர்த்து எழுத்துப்பூர்வமாக முறையிடுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். அரசுத் தளம் என்று ஏமாற்றியது உறுதியானால் சைபர் குற்ற உதவி எண் 1930-லும் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எதிலும் நடக்கவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நுகர்வோர் புகாருக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். தளத்துக்கு இந்தியாவில் முகவரியே இல்லை என்றால் தீர்ப்பு வாங்கினாலும் வசூலிப்பது கடினம். அப்படியென்றால் வங்கி வழியையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பாஸ்போர்ட்டில் கறை இல்லை

யாரும் விசா மறுக்கவில்லை, நாடு கடத்தவும் இல்லை. குடியேற்றக் கவுண்டர் வரைகூட அம்மா போகவில்லை. நாளைக்கு எந்த நாட்டுப் படிவத்திலாவது 'உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதா, நுழைவு மறுக்கப்பட்டதா' என்று கேட்டால், இல்லை என்று எழுதலாம். அதுதான் உண்மை. 'என்னாலதான் எல்லார் பயணமும் கெட்டுச்சு' என்று அம்மா சாப்பிடாமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மறுபடி விண்ணப்பிக்கும்போது

நீங்களே விண்ணப்பியுங்கள், உங்களால் முடியும். இரண்டு தறிக்காரர்களின் பில்லை வரிவரியாகச் சரிபார்க்கிறவருக்கு இது பெரிய காரியமில்லை.

தளத்தின் முகவரியை இடப்பக்கத்திலிருந்து படிக்காமல் வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். வியட்நாமின் தளம் 'ஈவிசா, புள்ளி, ஜிஓவி, புள்ளி, விஎன்' என்று முடியும். கம்போடியாவுக்கு ஜிஓவி-க்குப் பின் கேஹெச், இலங்கைக்கு எல்கே. தாய்லாந்து, இந்தோனேசியா, கென்யா மாதிரி சில நாடுகளில் ஜிஓவி-க்குப் பதில் 'ஜிஓ' என்று மட்டும் வரும். புள்ளிக்குப் பதில் கோடு போட்டு, நடுவில் விசா, ஜிஓவி எல்லாம் எழுதி, கடைசியில் 'காம்' என்றோ 'ஆர்க்' என்றோ முடிந்தால் அது தனியார் தளம். தேடும்போது மேலே வருவதில் பல, காசு கொடுத்துப் போட்ட விளம்பரம்.

எண்ணையும் பெயரையும் பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் அந்த இரண்டு வரியோடு ஒப்பிடுங்கள், அம்புக்குறி மாதிரி அடைப்புகள் நிறைந்த வரிகள். விமான நிலைய இயந்திரம் படிப்பது அதைத்தான். அம்மாவின் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு ஏழும் எண்கள். அந்த ஏழில் 'ஓ' வர வழியே இல்லை. இது தெரிந்திருந்தால் அன்று இரவே உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

நம் ஊருக்கே உரிய தொல்லை, இனிஷியல். அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆதாரில் இனிஷியல் இருக்கிறதே என்று அதை விரித்து அப்பா பெயரையோ கணவர் பெயரையோ விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட்டில் இருப்பது மட்டும், இருக்கிறபடியே, விமான டிக்கெட்டிலும் அதே மாதிரி. குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவமாக இருந்தால், அந்தத் தளத்தின் குறிப்பு சொல்கிறபடி நிரப்புங்கள். பிற்காலத்தில் துபாய் போகும் எண்ணம் இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்து, பிறகு கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது. அடிக்கடி பயணம் போவதாக இருந்தால், பாஸ்போர்ட்டிலேயே பெயரைப் பிரித்துப் போட்டு மறுபதிவு வாங்கிவிடுவது நிம்மதி.

மற்றவை சுருக்கம்தான். வியட்நாம் விசா சாதாரணமாக மூன்று வேலை நாளில் வரும். அந்த நாட்டு விடுமுறைகள் குறுக்கே வரலாம், இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். கட்டிய பணம் திரும்ப வராது. எந்த விமான நிலையத்தில் இறங்குவீர்கள் என்று சரியாகக் குறியுங்கள். விசா வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் சத்தமாக எழுத்தெழுத்தாகப் படிக்க, இன்னொருவர் பார்க்கட்டும். தப்பு தெரிந்தால் புது விண்ணப்பம் போட அப்போது நேரம் இருக்கும்; 25 டாலரோடு போகும்.

பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100-க்குக் கூப்பிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழி காட்டுவார்கள். தம்பியின் பாஸ்போர்ட் மூன்று நாளில் வரவில்லை என்றால், நாலாம் நாள் காலையில் காவல் நிலையத்துக்குப் போகும் முன் தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வாருங்கள். புகாரை உட்கார்ந்து எழுதலாம். தம்பியையும், அவன் போனையும், அம்மாவின் பாஸ்போர்ட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.